பையை எடுத்த பிறகு முதல் நாற்பது நாட்கள்

கேள்வி: அரசுப் பேருந்தில் நடத்துநராக இருக்கிறேன். வயது 51. பதினொரு வருடமாகச் சர்க்கரை உண்டு. போன வருடம் மலக்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, முதலில் கரண்டு (கதிர்வீச்சு) வைத்தார்கள், அப்புறம் ஆபரேஷன். ஆசனவாய்க்குச் சற்று மேலே குடலை இணைத்திருப்பதாகவும், அந்த இணைப்பு ஆறும்வரை சிறுகுடலை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துப் பை மாட்டியிருப்பதாகவும் சொன்னார்கள். கீமோவும் முடிந்துவிட்டது. பை மாட்டி ஒன்பது மாதம் ஆகிறது. அடுத்த மாதம் குடலை உள்ளே சேர்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஏழாவது வாரம் மூத்த மகளுக்குக் கல்யாணம். தாரை வார்க்க நான் மணையில் உட்கார வேண்டும்.

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் கீமோ வார்டில் பழக்கமான ஒருவர், “பையை எடுத்ததிலிருந்து ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை ஓடுகிறேன், பை இருந்தபோதே நிம்மதியாக இருந்தேன்” என்கிறார். அதைக் கேட்ட என் மனைவி பயந்துபோய், “பழகிப்போச்சு, பை இருந்துட்டுப் போகட்டுமே” என்கிறாள். எப்படித் தயாராவது? முன்போல ஆக எத்தனை நாளாகும்? திரும்பப் பேருந்தில் ஏற முடியுமா?
(பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்)

பதில் தருபவர்: ஸ்டோமா (பை மாட்டுவதற்காகக் குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்த வாய்) பராமரிப்புச் செவிலியர்

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் கல்யாண விஷயம். ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தால், ஏழாவது வாரத்தில் நீங்கள் பட்டுவேட்டி கட்டி மணையில் உட்கார்ந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கலாம். தைரியம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்களோடு இருபத்திரண்டு வருடமாக இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். ஆனால் அதற்கான வேலையை ஆபரேஷனுக்குப் பிறகு தொடங்கினால் போதாது, இன்றைக்கே தொடங்க வேண்டும்.

உங்கள் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. அவரிடம் நீங்கள் கேட்க மறந்தது ஒன்று உண்டு: “உங்களுக்கு இது எத்தனையாவது வாரம்?” முதல் வாரத்தில் பதினைந்து தடவை என்பது நாங்கள் அடிக்கடி கேட்கிற கணக்குதான். அதே ஆளை ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கணக்கு வேறாக இருக்கும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். பையை எடுக்கப் போகிற ஒருவரிடம், “இன்னும் ஒரு வாரம்தான், எல்லாம் பழையபடி ஆகிவிடும்” என்று சொல்லிவிட்டேன். அவர் மூன்றாவது வாரம் திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அவருக்கு உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. எதிர்பார்க்க வேண்டியதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் நான் சொன்ன ஒரு வாரம் தாண்டிவிட்டதால், ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து யாரிடமும் “பழையபடி” என்ற வார்த்தையை நான் சொல்வதில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன். உங்கள் குடல் இனி ஒரு புது ஒழுங்குக்கு வரும். அதற்கு மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவர்கள்தான் தெம்பாக வெளியே வருகிறார்கள்.

ஏன் அத்தனை தடவை போக வேண்டியிருக்கிறது என்பது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மலக்குடல் ஒரு குடம் மாதிரி. மலம் வந்து சேரச் சேர விரிந்துகொடுத்து, நாம் வசதியாக உட்காரும்வரை தாங்கிப் பிடிக்கும். உங்களுக்கு அந்தக் குடத்தின் பெரும்பகுதியை நோயோடு எடுத்துவிட்டு, மேலேயிருந்த பெருங்குடலை இறக்கி இணைத்திருக்கிறார்கள். அது குழாய் மாதிரி, குடம் போல விரிந்துகொடுக்காது. கொஞ்சம் வந்து சேர்ந்தாலும் உடனே போக வேண்டும் என்று அவசரப்படுத்தும். போதாததற்கு அந்தக் குழாய் ஒன்பது மாதமாக வேலையே இல்லாமல் கிடக்கிறது. கரண்டு வைத்ததால் அந்த இடத்தின் தசையும் நரம்பும் கொஞ்சம் விறைத்திருக்கும். இதை மறைக்காமல் சொல்கிறேன்: இணைப்பு கீழே இருப்பவர்களுக்கும் கரண்டு வைத்தவர்களுக்கும் சரியாவதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் ஆகும். உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. ஆகவே உங்கள் பக்கத்துப் படுக்கைக்காரர் இரண்டு மாதத்தில் சரியானால், நீங்கள் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை, இரண்டு வருடம் வரைகூடப் படிப்படியாக முன்னேற்றம் தெரியும்.

சரி, தயாராவதற்கு வருவோம்.

குடலை உள்ளே சேர்ப்பதற்கு முன்னால், கீழே போட்ட இணைப்பு முழுசாக ஆறிவிட்டதா என்று பார்த்தாக வேண்டும். ஆசனவாய் வழியாகச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது ட்யூப் விட்டுப் பார்ப்பார்கள். டாக்டர் விரலை விட்டும் பார்ப்பார். அப்போது இணைப்பு சுருங்கியிருக்கிறதா என்பதும், சுருக்குத்தசைக்கு எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். நோய் திரும்பி வரவில்லை என்று உறுதி செய்ய ஸ்கேனும் எடுப்பது வழக்கம். இவையெல்லாம் முடிந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னும் இரண்டு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: “இணைப்பு ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே இருக்கிறது?” “என் சுருக்குத்தசை எப்படி இருக்கிறது?” இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால், முதல் சில மாதம் எப்படி இருக்கும் என்று ஓரளவு கணிக்கலாம். ஆபரேஷன் செலவு காப்பீட்டில் என்றால், இதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டுமா என்று முன்கூட்டியே கவுண்டரில் விசாரித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தேதி தள்ளிப்போவதற்கு இது ஒரு காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பை இருக்கும்போதே கீழ்வழியாக அவ்வப்போது சளி மாதிரி வந்திருக்கும், சில சமயம் லேசாக ரத்தம் கலந்தும் வந்திருக்கும். பலர் வெட்கப்பட்டு இதைச் சொல்வதே இல்லை. உபயோகத்தில் இல்லாத குடலிலிருந்து சளி சுரப்பது இயல்பு. ரத்தம் வந்தால் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி முக்கியமான பயிற்சி. மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பயணிகள் நிறைந்த பேருந்தில் காற்று பிரியப் பார்க்கிறது, நீங்கள் அடக்குகிறீர்கள். அப்போது எந்தத் தசையை இறுக்குவீர்களோ, அதுதான் நமக்கு வேண்டிய தசை. நாற்காலியில் உட்கார்ந்து அதை மட்டும் மேலே இழுத்துப் பிடியுங்கள். பிட்டம் இறுகக் கூடாது, தொடை ஒட்டக் கூடாது, மூச்சை அடைக்கக் கூடாது. ஐந்து எண்ணும்வரை பிடித்து, பத்து எண்ணும்வரை முழுசாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சிதான், அதைச் சுருக்கிவிடாதீர்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை. காலைக் காபி, மத்தியானச் சாப்பாடு, ராத்திரி படுக்கை என்று மூன்று வேளையோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஒரு வாரம் போனதும் ஐந்தை எட்டாக்குங்கள், அப்புறம் பத்து. சரியாகச் செய்கிறோமா என்று சந்தேகம் இருந்தால், டாக்டர் விரல் வைத்துப் பார்க்கும்போது “இப்போது இறுக்குகிறேன், சரியா?” என்று கேட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தசை வேலை செய்கிறதா என்று அப்போதே அவரால் சொல்ல முடியும். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சரி சொன்ன பிறகு மறுபடி தொடங்கலாம்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை ஏறியிருந்தால் புண் சீழ் பிடிக்கும், ஆறுவதற்கும் நாளாகும். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்கள் என்றால், அந்த மாத்திரையே சிலருக்கு வயிற்றைப் போக வைக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அதை மாற்ற வேண்டுமா என்று சர்க்கரை டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு விடுங்கள். முட்டை, மீன், தயிர், பருப்புத் தண்ணீர் என்று தினமும் புரதம் உள்ளே போகட்டும். பை வழியாக உப்பும் நீரும் நிறைய வெளியேறுவதால், வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் போதாது. உப்புப் போட்ட கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்ச தூரம் நடையுங்கள். இவ்வளவு போதும்.

ஆபரேஷனைப் பொறுத்தவரை, உங்களுடையதைப் போல சிறுகுடலை வளையமாக வெளியே எடுத்து வைத்திருந்தால், பெரும்பாலும் பழைய பெரிய தையலைத் திறக்க வேண்டி இருக்காது. பை மாட்டியிருந்த இடத்தைச் சுற்றி மட்டும் வெட்டி, குடலின் இரண்டு வாயையும் சேர்த்துத் தைத்து உள்ளே விட்டுவிடுவார்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற வேலை. தோலை முழுசாக மூடாமல் சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டுவதுபோலச் சுற்றித் தைத்து, நடுவில் ஒரு சின்ன ஓட்டையை விட்டுவைப்பது இப்போது பல இடங்களில் வழக்கம். கட்டைப் பிரிக்கும்போது அந்தக் குழியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தையல் பிரிந்துவிட்டது என்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. உள்ளே சேரும் நீர் வெளியே வடிவதற்காகத்தான் அந்த ஓட்டை. சில வாரத்தில் அடியிலிருந்து சதை வளர்ந்து தானே தூர்ந்துவிடும். கடைசியில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும்.

வார்டில் காலையில் டாக்டர் வந்ததும், வலியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், “காத்து பிரிஞ்சுதா?” என்றுதான் கேட்பார். நர்ஸும் கேட்பார், பக்கத்துப் படுக்கைக்காரரின் மாமியாரும் கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு “பிரிஞ்சுது” என்று பதில் சொல்கிறவரின் முகத்தில் வருகிற சிரிப்பை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். குடல் விழித்துக்கொண்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். சிலருக்கு இரண்டு நாளில் வரும், சிலருக்கு நாலைந்து நாளாகும். தாமதமானால் வயிறு உப்பும், வாந்தி வரும். மூக்கு வழியாக டியூப் போட்டு ஓரிரண்டு நாள் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருகிற தொந்தரவு இது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். நீங்கள் செய்யக்கூடியது, எழுந்து நடக்கச் சொன்னதும் வலியைப் பார்க்காமல் வராண்டாவில் நடப்பது. இருமும்போது சின்னத் தலையணையைத் தையலின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் நாலைந்து நாளில், சில இடங்களில் ஒரு வாரத்தில், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் நண்பர் சொன்ன ஓட்டம் தொடங்கும்.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை போகலாம். போய்விட்டு வந்து கை கழுவுவதற்குள் மறுபடி வரும். ஒரு மணி நேரத்தில் நாலு தடவை வந்துவிட்டு, அப்புறம் அரை நாள் ஒன்றுமே இருக்காது. வருவது காற்றா மலமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூக்கத்தில் லேசாகக் கசியலாம். டாக்டர்கள் இந்தத் தொந்தரவுகளுக்கெல்லாம் சேர்த்து எல்.ஏ.ஆர்.எஸ். என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 2012இல் டென்மார்க் டாக்டர்கள் இதை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள்: காற்றை அடக்க முடிகிறதா, நீராகக் கசிகிறதா, எத்தனை தடவை போகிறீர்கள், ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, ஓட வேண்டிய அவசரமா. மொத்தம் 42 மதிப்பெண். 20 வரை இருந்தால் கவலை இல்லை, 30ஐத் தொட்டால் கடுமை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு வரப்போவது உங்களுக்கு மட்டும் வருகிற விசித்திரமான கஷ்டம் இல்லை. அதற்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, மருந்தும் உண்டு.

எங்களிடம் ஒரு பூக்கார அம்மா வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைத் தூக்கிப் போடாமல், அதன் பின்பக்கத்தில் கழிவறைக்குப் போகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போடுவது அவருடைய பூக் கணக்கு. நாற்பத்தைந்தாவது நாள் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வந்து என் மேஜையில் பரப்பினார். முதல் தாளில் பதினேழு கோடு. நடுவில் ஒரு நாள் பன்னிரண்டு, மறுநாள் மறுபடி பதினாறு. “அன்னைக்குப் பேத்தியோட சேர்ந்து பலாச்சுளை தின்னுட்டேன்மா” என்றார். கடைசித் தாளில் ஆறு. தினம் தினம் பார்த்தால் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் தெரியும். நாற்பத்தைந்தையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது. நீங்களும் அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கணக்கு எழுதிப் பழகிய கை உங்களுடையது. பக்கத்திலேயே அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னைவிட அந்த நோட்டு தெளிவாகச் சொல்லும்.

சாப்பாட்டில், முதல் மூன்று நாலு வாரம் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம், ஜவ்வரிசிக் கஞ்சி, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, தயிர், அவித்த முட்டை, காரமில்லாத மீன் இவையெல்லாம் ஒத்துக்கொள்ளும். வாழைப்பழம் மலத்தைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தும். இதில் பல உங்கள் சர்க்கரையை ஏற்றக்கூடியவை, ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். பச்சை மிளகாய், கெட்டியான டிகாஷன் காபி, முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், கொய்யா, பலா, வேர்க்கடலை, தேங்காய்த் துண்டு, முருங்கைக்காய்ச் சக்கை இவற்றைத் தள்ளி வையுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒன்று என்று சேர்த்துப் பாருங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கழிவறைக்குப் போக வேண்டாம் என்று பட்டினி கிடக்காதீர்கள். காலி வயிற்றில் காற்றுதான் சேரும், உடம்பும் ஓய்ந்துபோகும். மலம் தண்ணீராகவே போனால் இசப்கோலைக் குறைவான தண்ணீரில் கலந்து சாப்பிடச் சொல்வோம், அல்லது சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் லோபெரமைடு கொடுப்போம். எந்த மருந்தானாலும் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வயிறு உப்பியிருக்கும்போது லோபெரமைடு போடவே கூடாது.

தோல் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் நமக்கு ஒரு வரம். காகிதத்தால் தேய்க்காமல் தண்ணீரால் கழுவுகிறோம். வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகக் கழுவி, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். சோப்பு வேண்டாம். காய்ந்ததும் ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைத் தடவுங்கள். எரிச்சல் வந்த பிறகு தடவுவதைவிட, முதல் தடவை போகும்போதிலிருந்தே தடவுவது நல்லது. பித்தநீர் கலந்த மலம் ஒரே நாளில் தோலைப் புண்ணாக்கிவிடும், அப்புறம் ஆற்றுவது கஷ்டம். வீட்டில் இந்தியன் கழிவறை மட்டும் இருந்தால் அதன் மேல் வைக்கிற பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். முதல் மாதம் குந்தி எழுவது தையலை இழுக்கும். உட்கார்ந்ததும் பாதத்துக்குக் கீழே சின்ன முக்காலி வைத்து, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். முக்க வேண்டாம். முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள். மிச்சமும் வந்துவிட்டால் மறுபடி ஓட வேண்டியது ஒரு தடவை குறையும்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, அவசரம் வந்ததும் ஓடாமல், கழிவறைக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நாம் பழகிய தசையை இறுக்கி, நிதானமாக மூச்சு விட்டு ஒரு நிமிடம் தள்ளிப் போடுங்கள். அந்த அவசரம் அலை மாதிரி எழுந்து அடங்கும். அடங்கிய பிறகு நடந்து போங்கள். ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு, அப்புறம் ஐந்து. குடலுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முகூர்த்த நாளுக்கு இப்போதே திட்டம் போடுவோம். முந்தைய நாள் ராத்திரி மண்டபத்துச் சாம்பார், பொரியல் பக்கம் போகாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்ச்சாதத்தோடு சீக்கிரம் சாப்பாட்டை முடியுங்கள். சாப்பிட்டதும் குடல் அசையத் தொடங்கும், ஆகவே அதிகாலையில் எழுந்து கொஞ்சமாகச் சாப்பிட்டு, மருந்துகளையும் எடுத்துக்கொண்டு, மணையில் உட்காருவதற்கு முன்னால் வயிற்றுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கொடுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் விரதம் இருக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மணமகள் அறைக்குப் பக்கத்து அறை ஒன்றைக் கழிவறையோடு உங்களுக்கென்று ஒதுக்கி, சாவியை மைத்துனரிடமோ தம்பியிடமோ கொடுத்து வையுங்கள். பட்டுவேட்டிக்கு உள்ளே பேட் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரியாது. மாற்று வேட்டி ஒன்று அந்த அறையில் இருக்கட்டும். தாரை வார்ப்பது சில நிமிடங்கள்தான். புரோகிதரிடம், “என்னைக் கடைசியாக மணைக்குக் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டால் தேவையில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டாம். சீர்வரிசைப் பாத்திரம், அரிசி மூட்டை எதையும் நீங்கள் தூக்கவே கூடாது. பை இருந்த இடத்தில் வயிற்றுச் சுவர் பலவீனமாக இருக்கும், பளு தூக்கினால் அங்கே குடலிறக்கம் வரலாம்.

வேலைக்கு அவசரப்படாதீர்கள். ஓடுகிற பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சமாளிப்பதற்கு வயிற்றுத் தசை ஆற வேண்டும். அதைவிட, நடுவழியில் இறங்க முடியாத வேலை உங்களுடையது. மருத்துவச் சான்றோடு முதலில் டிப்போவிலேயே லைட் டூட்டி கேளுங்கள். உங்கள் நோட்டில் தொடர்ந்து இரண்டு வாரம் பகல் நேரத்துக் கணக்கு ஒரே மாதிரி இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வருகிற டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். தொலைதூர வண்டி அதற்கும் பிறகு.

உங்கள் மனைவி சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். ஒன்பது மாதமாகப் பையைக் காலி செய்யவும், பசை போட்டு ஒட்டவும், ராத்திரி கசிந்தால் படுக்கையை மாற்றவும் உங்களோடு நின்றவர் அவர். ஒருவழியாகப் பழகி நிம்மதியடைந்த நேரத்தில் மறுபடி ஒரு புதுப் பாடம் என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய கேள்விகளையும் கேட்கட்டும். பையோடு இருந்துவிடுவது என்று தெளிவாக முடிவெடுத்து நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் அந்த முடிவை நண்பரின் ஒரு வாரக் கணக்கை வைத்து எடுக்க வேண்டாம். குடலைச் சேர்த்து ஒரு வருடம் ஆகியும் வாழ்க்கையே கழிவறையைச் சுற்றி நடக்கிறது என்றால், தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை, தசை இறுகுவதைக் கருவியில் பார்த்துக்கொண்டே செய்கிற பயோஃபீட்பேக் பயிற்சி, நரம்பைத் தூண்டும் சிறு கருவி என்று அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன. அதற்கும் அப்பால் மறுபடி பைக்கே திரும்பும் வழியும் இருக்கிறது.

இவற்றில் ஒன்று வந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்: காய்ச்சல், ஏறிக்கொண்டே போகிற வயிற்று வலி, வயிறு உப்பி காற்றும் பிரியாமல் வாந்தி, புண்ணிலிருந்து சீழ் அல்லது மலம், மலத்தோடு நிறைய ரத்தம், தலைசுற்றி சிறுநீர் குறைவது. இணைப்பில் கசிவு என்பது அரிது, ஆனால் வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் பிரிக்காத பைகள் மிச்சமிருக்கும். பசை ஒட்டுகிற இந்தப் பையை 1954இல் முதலில் யோசித்துக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த எலிசே சோரன்சென் என்ற செவிலியர். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே வரவே கூச்சப்பட்ட தன் சகோதரி தோராவுக்காகத்தான் அதைச் செய்தார். பையைப் பார்த்து அருவருப்புப்படுகிறவர்களிடம் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் போகட்டும், அதுவரை வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள். பிறகு பிரிக்காத பைகளைப் பெட்டியோடு உங்கள் மருத்துவமனையின் ஸ்டோமா நர்ஸிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு பையைக் கழுவிக் கழுவி நாலு தடவை ஒட்டுகிறவர்கள் அங்கே வருகிறார்கள். வாசலில் உங்களைப் பார்த்ததும் அவர்கள் முதலில் கேட்கப்போவது, “ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறீர்கள்?” என்பதைத்தான். உங்கள் நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.